மூன்று பிள்ளைகள், ஒரு மணி நேரம்: ஹாலோவீன் மாலைக்குத் தயாராவது எப்படி?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். 9, 6, 2 வயதில் மூன்று பிள்ளைகள். இருவரும் வேலைக்குப் போகிறோம். பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 அன்று வீடு வந்து சேர மாலை 5 மணி ஆகிவிடும். போன வருடம் வேஷம் போட்டுக் கிளம்பவே 7 ஆகிவிட்டது. குளிர், பாத்ரூம், அழுகை என்று பாதியிலேயே திரும்பிவிட்டோம். நடுப் பெண்ணுக்கு வேர்க்கடலை அலர்ஜி வேறு. இந்த வருடம் எப்படிச் சமாளிப்பது?

பதில்: 6 மணிக்கு வாசலைத் தாண்ட உங்களால் முடியும். ஆனால் அது 31ஆம் தேதி மாலையில் காட்டும் வேகத்தால் நடப்பதில்லை. அதற்கு முந்தைய சனிக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மூன்று பேருக்கும் முழு வேஷத்தையும், உள்ளே போடும் கதகதப்பான உடை, ஷூ உட்பட, ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிறகு மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லுங்கள், பெரிய பிள்ளைகள் இருவரையும் பாத்ரூமுக்குப் போய்வரச் சொல்லுங்கள். போன வருடம் உங்களைத் திருப்பி அனுப்பியவை எல்லாம் இந்த அரை மணியிலேயே தெரிந்துவிடும்.

முதலில் அளவு. கடையில் பையில் மடித்து விற்கும் காஸ்ட்யூம் மெல்லிய பாலியஸ்டர். அக்டோபர் கடைசி இரவுக்கு அது போதாது. மேலே ஜாக்கெட் போட்டால் வேஷம் மறைந்துவிடும், பிள்ளை ஒத்துக்கொள்ளாது. அதனால் ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, உள்ளே தெர்மல் (குளிர் தாங்கும் உள்ளுடை), அதன்மேல் ஹூடி என்று போடுங்கள். சைஸ் பெரிதானால் கால் பக்கம் தரையில் புரளும், படியில் தடுக்கும். ஷூவோடு நிற்கவைத்து, தரையிலிருந்து 2 அங்குலம் மேலே இருக்கும்படி மடித்துத் தைத்துவிடுங்கள். ஊக்கு குத்தினால் நடக்க நடக்கக் கழன்றுகொள்ளும். நான்கு நீளத் தையல் போட்டாலே போதும்.

அடுத்தது முதுகுப் பக்கத் திறப்பு. முழு உடல் காஸ்ட்யூம்கள் பலவற்றுக்கு ஜிப்போ வெல்க்ரோவோ பின்னால்தான் இருக்கும். 6 வயதுப் பிள்ளைக்குக் கை எட்டாது; கடைசி நிமிடத்தில் உங்களிடம் ஓடிவந்து, எல்லாவற்றையும் கழற்றி, மறுபடி மாட்டுவதற்குள் கால் மணி போய்விடும். ஜிப் நுனியில் ஒரு முழ நீள ரிப்பனைக் கட்டிவிட்டால் அவளே இழுத்துக்கொள்வாள். இன்னும் வாங்கவில்லை என்றால் மேல்சட்டை, கால்சட்டை தனித்தனியாக வரும் வேஷத்தையே தேர்ந்தெடுங்கள். சாதாரண ஹூடி, ஸ்வெட் பேன்ட் மேல் காது, வால், இறக்கை ஒட்டித் தைத்ததுதான் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே வசதியான வேஷம்.

பழைய வேட்டியை வெட்டிப் பேய் வேஷம் போடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். மெல்லிய பருத்தி சட்டென்று பற்றிக்கொள்ளும். வீட்டு வாசல்களில் பரங்கிக்காய்க்குள் மெழுகுவத்தி எரிவது சரியாகக் குழந்தையின் இடுப்பு உயரத்தில். ‘தீயை எதிர்க்கும்’ என்ற லேபிள் உள்ள துணியாக, தொங்கும் கையும் நீண்ட அங்கியும் இல்லாததாகப் பாருங்கள்.

முகமூடி பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும். முகத்தில் வரைவது மேல், ஆனால் மூன்று பேருக்கும் வேண்டாம். மூத்தவருக்கு மட்டும் போதும். தண்ணீரில் கரையும் வண்ணத்தை ஈர ஸ்பாஞ்சால் மெல்லிசாகப் பூசுங்கள். தடிமனாகப் பூசினால் காய்ந்து, சிரித்தவுடன் வெடிக்கும். இரண்டு நாள் முன்பே முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, சிவக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பூனை மீசை வரைய ஊரிலிருந்து வந்த கண்மை டப்பாவை எடுக்காதீர்கள். சில கண்மைகளில் ஈயம் இருப்பதாக அமெரிக்க உணவு மருந்துத் துறை எச்சரித்திருக்கிறது.

முந்தைய இரவே ஆளுக்கொரு பையில் சாக்ஸ் முதல் தொப்பி வரை எல்லாவற்றையும் போட்டுக் கதவுப் பிடியில் மாட்டிவிடுங்கள். கடிகாரத்தைப் பின்னால் திருப்புவது நவம்பர் முதல் ஞாயிறன்றுதான் என்பதால், 31 அன்று உங்கள் ஊரில் சூரியன் மறைய 5:50 தாண்டிவிடும். 5 மணிக்கு வந்ததும் சாப்பாடு: காலையிலேயே பிசைந்து வைத்த தயிர்சாதம் போல அடுப்பு தேவைப்படாத ஏதாவது. வேஷத்தோடு சாப்பிட வைக்காதீர்கள். 5:25க்கு எல்லோரும் பாத்ரூம். 5:30க்கு மூத்தவர் தானே உடுத்த ஆரம்பிக்கட்டும். அந்த நேரத்தில் ஒருவர் நடுப் பெண்ணைப் பார்க்கலாம், பிறகு மூத்தவர் முகத்துக்கு வண்ணம். சின்னக் குழந்தையைக் கடைசியாக, 5:50க்குப் புது டையப்பரோடு தயார் செய்யுங்கள். முன்பே உடுத்திவிட்டால் வியர்த்து, அழுது, நீங்கள் கிளம்பும்போது கழற்றிப் போட்டுவிடும். காரில் போவதானால் பஞ்சடைத்த காஸ்ட்யூமைக் கார் சீட்டில் இருக்கும்போது போடக் கூடாது. பெல்ட் உடம்போடு படியாது. இறங்கியபின் போடுங்கள்.

2 வயதுக்கு முக்கால் மணி நேரம் தாராளம். 6:45க்கு ஒருவர் சின்னதோடு வீடு திரும்பி, வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கலாம். மற்றவர் பெரிய பிள்ளைகள் இருவரோடும் தொடரட்டும். தெருவின் ஒரு பக்கத்தை முழுவதும் முடித்து, முனையில் கடந்து, மறுபக்கம் வாருங்கள். வீட்டுக்கு வீடு குறுக்கே ஓடுவதுதான் ஆபத்து. ஒளி பிரதிபலிக்கும் டேப்பை முதுகிலும் மிட்டாய்ப் பையிலும் ஒட்டுங்கள். கையில் ஆளுக்கொரு டார்ச்.

இனி வேர்க்கடலை. இதில் மட்டும் கொஞ்சமும் தளர்வு கூடாது. வழியில் எதையும் பிரித்துச் சாப்பிடுவதில்லை என்பது மூவருக்கும் பொது விதி. நடுப் பெண்ணுக்கு மட்டும் தடை என்றால் அவள் மனம் நோகும். உங்கள் பாக்கெட்டில் அவளுக்கு ஒத்துவரும் மிட்டாய் நான்கு வைத்திருங்கள். ஸ்னிக்கர்ஸ், ரீஸஸ், பட்டர்ஃபிங்கர், பேடே ஆகியவற்றில் வேர்க்கடலை உண்டு. மற்றவற்றிலும் சின்ன சைஸின் உட்பொருள் பெரிய சைஸிலிருந்து மாறலாம். சின்ன உறையில் பட்டியலே அச்சாகாமல் இருப்பதும் உண்டு. படிக்க முடியாததை அவள் பங்கில் சேர்க்காதீர்கள்; மூத்தவரிடம் மாற்றிக்கொள்ளட்டும். நீலப்பச்சை வண்ணம் பூசிய பரங்கிக்காய் வைத்த வீடுகளில் ஸ்டிக்கர், பென்சில் போன்ற உணவல்லாத பொருள்களும் கிடைக்கும். 2014 முதல் அமெரிக்கா முழுவதும் பரவிய அடையாளம் அது. டாக்டர் எபிபென் (கடும் அலர்ஜி வந்தால் உடனே போடும் ஊசி) எழுதிக் கொடுத்திருந்தால், அது அவளோடு நடப்பவரின் பாக்கெட்டில் இருக்க வேண்டும். சின்னக் குழந்தையின் ஸ்ட்ரோலர் வண்டிக்கு அடியில் வைத்தால் 6:45க்குச் சின்னதோடு வீட்டுக்குப் போய்விடும்.

சின்னவரின் பையிலிருந்து கெட்டி மிட்டாய், கேரமல், சூயிங் கம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்; 4 வயதுக்குள் தொண்டையில் அடைக்கும். சைவக் குடும்பமானால் ஸ்டார்பர்ஸ்ட், கேண்டி கார்ன், கரடி வடிவ கம்மி ஆகியவற்றின் உறையில் ‘ஜெலட்டின்’ என்று இருக்கிறதா பாருங்கள். அது பெரும்பாலும் மாடு, பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது.