தானாக வராது

கேள்வி: மருத்துவ ஜர்னல்களின் தலைமைப் பொறுப்பில் பெண்கள் குறைவு என்று ஓயாமல் எழுதுகிறார்கள். மருத்துவம் படிக்க வரும் பெண்கள்தான் இப்போது பல நாடுகளில் அதிகமாகிவிட்டார்களே, இதுவும் தானாகச் சரியாகிவிடாதா? தகுதி உள்ளவர் யாராக இருந்தால் என்ன?
— முதுகலை மருத்துவ மாணவர் ஒருவர்

பதில்: 'தானாக' என்கிறீர்கள். தானாக நடக்க எத்தனை காலம் பிடித்தது என்று முதலில் கணக்குப் பார்ப்போம். இன்று நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற பெயரில் வரும் இதழ் தொடங்கியது 1812இல். அதன் தலைமைக்கு ஒரு பெண், மார்சியா ஏஞ்சல், வந்தது 1999இல். அதுவும் அடுத்தவர் பொறுப்பேற்கும்வரை இடைக்கால ஆசிரியராக. 1883இல் பிறந்த, அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழான ஜாமாவுக்கு கேத்தரின் டீஏஞ்சலிஸ் 2000இல் வந்தார். 2011இல் அவர் விலகியபின் அடுத்த பெண் வர 2022 ஆயிற்று. 1823இல் தொடங்கிய லான்செட் 200 ஆண்டு நிறைவைக் கண்டபோதும் அதன் தலைமை நாற்காலியில் ஒரு பெண்கூட உட்கார்ந்திருக்கவில்லை.

பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழின் கதை இன்னும் மோசம். அதை நடத்தும் பிரிட்டிஷ் மருத்துவ சங்கத்தில் 1873இல் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் என்ற பெண் மருத்துவர் உறுப்பினரானார். இனி எந்தப் பெண்ணையும் சேர்ப்பதில்லை என்று 1878இல் ஓட்டெடுப்பு நடத்தி முடிவு செய்தார்கள். 1892வரை, 19 ஆண்டுகள், அவர் ஒருவர்தான் அங்கே பெண் உறுப்பினர். இதழ் தொடங்கியது 1840இல்; அதன் முதல் பெண் தலைமை ஆசிரியர் ஃபியோனா காட்லீ பொறுப்பேற்றது 2005இல். கதவைக் கையால் சாத்திவிட்டு, திறப்பது மட்டும் தானாக நடக்கும் என்று காத்திருக்கச் சொல்வது நியாயமே இல்லை.

படிக்க வருகிறவர்களின் எண்ணிக்கை மேலே ஏறிவரும் என்பது உங்கள் கணக்கு. 2021இல் வெளியான ஓர் ஆய்வு, 41 துறைகளின் முன்னணி ஜர்னல்கள் 410ஐ எடுத்துப் பார்த்தது. தலைமை ஆசிரியர்கள் 444 பேரில் பெண்கள் 94 பேர், அதாவது 21 சதவீதம். மனநல மருத்துவம், மயக்கவியல், கண் மருத்துவம் ஆகிய பிரிவுகளில் ஒருவர்கூட இல்லை. மனநல மருத்துவத்தில் படித்த பெண்களுக்கா பஞ்சம்?

இனி 'தகுதி'. தலைமை ஆசிரியர் எப்படி உருவாகிறார் தெரியுமா? முதலில் ரிவ்யூவர், அதாவது இதழுக்கு வரும் கட்டுரையைப் படித்து மதிப்பிட்டுச் சொல்பவர். கெடு தவறாமல் நாலைந்து நல்ல மதிப்பாய்வு எழுதினால் ஒரு தலையங்கமோ விமர்சனக் குறிப்போ எழுதச் சொல்லி அழைப்பு வரும். பிறகு ஆசிரியர் குழு, அடுத்து கட்டுரைகளைக் கையாளும் இணை ஆசிரியர். பழைய தலைமை விலகும்போது, ஏற்கெனவே இணை ஆசிரியராக இருப்பவர்களைத்தான் தேர்வுக் குழு முதலில் பார்க்கும். ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் உங்கள் பெயரை நினைத்து மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். கட்டுரை வந்து கிடக்கிறது, இரண்டு ரிவ்யூவர் உடனே வேண்டும் என்ற நெருக்கடியில் ஆசிரியர் யாரைத் தேடுவார்? கட்டுரையாளரே பரிந்துரைத்த பெயர்கள், போன மாதம் சீக்கிரம் பதில் போட்டவர், மாநாட்டில் பழகியவர். ஆண் ஆசிரியர்கள் ஆண்களையும் பெண் ஆசிரியர்கள் பெண்களையும் கூடுதலாக அழைப்பதை 2017இல் 142 ஜர்னல்களின் தரவு காட்டியது. ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்றால் விளைவைச் சொல்லவும் வேண்டுமா?

தலையங்கம், குறிப்பு எழுத அழைப்பு வரும் அந்த இரண்டாம் படியை மட்டும் தனியாக அளந்தும் பார்த்துவிட்டார்கள். 2019இல் வெளியான ஆய்வு அது. 2,459 மருத்துவ ஜர்னல்களில் அழைப்பின் பேரில் எழுதப்பட்ட குறிப்புகளை எடுத்துக்கொண்டது. ஒரே துறை அறிவு, ஒத்த அனுபவம், ஒத்த மேற்கோள் எண்ணிக்கை உள்ள ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. பெண்ணுக்கு அந்த வாய்ப்பு விகிதம் 21 சதவீதம் குறைவு. தகுதியைச் சமமாக்கிய பிறகு மிஞ்சிய இடைவெளி இது, தம்பி. இதற்குப் பிறகும் தகுதி என்று பேசுகிறவரிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆசிரியர் குழுவின் பெயர்ப் பட்டியலைப் பார்த்து ஏமாறுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இது எனக்குப் பழைய சண்டை. போலந்து நாட்டு ஆய்வாளர்கள் சிலர், அன்னா ஷுஸ்ட் என்று உலகத்தில் இல்லாத ஒரு பெண்ணை உருவாக்கி, போலியான தகுதிகளுடன் 360 ஜர்னல்களுக்கு ஆசிரியர் பதவி கேட்டு விண்ணப்பம் போட்டார்கள். 48 ஜர்னல்கள் அவரை நியமித்தன. நான்கு இடங்களில் தலைமை ஆசிரியரே ஆனார்! முடிவு 2017இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. அவரை ஏற்றவற்றில் 40 ஜர்னல்கள் காசுக்காக நடத்தப்படுபவை என்று சந்தேகப் பட்டியலில் இருந்தவை. அட்டையின் உட்பக்கத்தில் பெண் பெயர்களைக் கூட்டிவிட்டுச் சமநிலை என்று முழங்கும் ஜர்னல்களையும் நான் அப்படித்தான் நம்புவதில்லை. ஆசிரியர் குழுவில் பெயர் இருப்பதாலேயே கட்டுரைகள் கைக்கு வந்துவிடாது. கேட்க வேண்டியது: ஏற்பதா மறுப்பதா என்ற முடிவை எழுதியவர் யார், எத்தனை கட்டுரைகளில்?

யாராக இருந்தால் என்ன என்றும் கேட்டீர்கள். தூக்க மாத்திரை சோல்பிடெம் அமெரிக்காவில் 1992இல் அனுமதி பெற்றது. ஆண், பெண் இருவருக்கும் ஒரே அளவு, 10 மில்லிகிராம். விழுங்கி எட்டு மணி நேரம் கழிந்த பிறகும், வண்டி ஓட்டுவதைப் பாதிக்கும் அளவான மில்லிலிட்டருக்கு 50 நானோகிராமுக்கு மேல் ரத்தத்தில் மருந்து இருந்தது பெண்களில் ஏறக்குறைய 15 சதவீதம், ஆண்களில் 3 சதவீதம். பெண்களுக்கு 5 மில்லிகிராம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ குறைத்தது 2013இல். பெண் ஆசிரியர் இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முடிவுகளை ஆண், பெண் எனப் பிரித்துக் காட்டு, இல்லையேல் கட்டுரை திரும்பிப் போகும் என்று சொல்லும் அதிகாரம் ஆசிரியருக்குத்தான் உண்டு. அப்படிக் கேட்கச் சொல்லும் சேகர் (SAGER) என்ற சர்வதேச வழிகாட்டு நெறிகள் வந்ததே 2016இல்தான்.

என்ன செய்யலாம்? தலைமைப் பதவிக்கு ஐந்தாண்டுக் காலவரை, ஒரே ஒரு நீட்டிப்பு. பகிரங்க விளம்பரம், அதில் வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை, என்ன சம்பளம் என்று எழுதியே ஆக வேண்டும். சம்பளமில்லாமல் இரவில் செய்யும் கௌரவப் பதவி என்றால், வீட்டில் குழந்தையையும் முதியவரையும் பார்த்துக்கொள்பவர் விண்ணப்பிக்கவே மாட்டார். கொரோனா பரவிய 2020 பிப்ரவரி முதல் மே வரை எல்செவியர் பதிப்பகத்தின் 2,300க்கும் மேற்பட்ட ஜர்னல்களுக்குக் கட்டுரைகள் குவிந்தன; அந்தப் பெருக்கத்தில் பெண்களின் பங்கு பின்தங்கியது. நேரம் யாரிடம் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

விலகும் ஆசிரியர் தேர்வுக் குழுவில் இருக்கக் கூடாது. ரிவ்யூவர் கணக்கில் அழைக்கப்பட்டோர், ஒப்புக்கொண்டோர் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். அழைப்பே குறைவென்றால் கோளாறு ஆசிரியரிடம். அழைத்தும் மறுக்கிறார்கள் என்றால், தெரிந்த பத்துப் பெண்களையே திரும்பத் திரும்பக் கேட்டு நசுக்குகிறார்கள் என்று பொருள். புதுப் பெயர்களைத் தேட வேண்டும்.

நீங்கள் முதல் கட்டுரையை அனுப்பும்போது, ரிவ்யூவர்களைப் பரிந்துரைக்கச் சொல்லிப் பல ஜர்னல்களில் சில கட்டங்கள் வரும். உங்கள் பேராசிரியர் சொல்லும் பெயர்களை அப்படியே நிரப்பாதீர்கள். உங்கள் மேற்கோள் பட்டியலைத் திறந்து, அந்த ஆய்வுகளை நடத்திய பெண்கள் யார் என்று பார்த்து, உங்களோடு சேர்ந்து எழுதாதவர்களாக, உங்கள் நிறுவனத்தைச் சேராதவர்களாக இரண்டு பேரையாவது எழுதுங்கள்.