கடைக்கு எழுதிய ஆப்பை எந்த ஹோஸ்டிங்கில் போடலாம்?

பில்லிங் ஆப் எழுதி முடித்துவிட்டீர்கள். ஷேர்டு ஹோஸ்டிங் (ஒரே சர்வரைப் பலர் பகிர்வது), விபிஎஸ் (நமக்கென்று ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்), பாஸ் (PaaS, நிரலை வாங்கி ஓட்டித் தரும் தளம்), சர்வர்லெஸ் (வேலை வரும்போது மட்டும் நிரல் ஓடுவது) என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எதில் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

கிருஷ்ணகிரியில் மாமாவுக்கு மாங்காய் மண்டி. எடைச்சீட்டு போட ஓர் ஆப் எழுதிக் கொடுத்தேன். முதலில் ஏற்றியது இலவச பிளான் தரும் ஒரு பாஸ் தளத்தில். நிரலைக் கொடுத்தால் போதும், சர்வர் அப்டேட், எச்டிடிபிஎஸ் பாதுகாப்பு எல்லாம் அவர்கள் பாடு. ஆனால் கால் மணி நேரம் யாரும் தொடாவிட்டால் ஆப் தூங்கிவிடும். விடிகாலையில் முதல் வண்டி செந்தூரா எடைமேடையில் நிற்கிறது, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "ஏன் மாப்ள, உன் சர்வர் இன்னும் எந்திரிக்கலையா?" என்றார் மாமா.

அதுகூடப் பரவாயில்லை. சீட்டுகளை எஸ்க்யூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் சின்ன டேட்டாபேஸ்) கோப்பாக அங்கேயே வைத்திருந்தேன். நடுப்பகலில் ஒரு சின்னத் திருத்தம் ஏற்றினேன், காலையிலிருந்து போட்ட கணக்கு மொத்தமும் காணோம். இந்த மாதிரி தளங்களில் ஒவ்வொரு டிப்ளாய்க்கும், அதாவது நிரலை ஏற்றும்போதெல்லாம், புது கன்டெய்னர் (ஆப் ஓடும் தனிப்பெட்டி) வரும், பழையதன் டிஸ்க் அதோடு போய்விடும். ஆவணத்தில் எழுதித்தான் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. நல்லவேளை, கணக்குப்பிள்ளை ஆப்பை நம்பாமல் நோட்டிலும் எழுதி வைத்திருந்தார்.

இப்போது மாத வாடகைக்கு 1 ஜிபி ராம் உள்ள விபிஎஸ். அதிலேயே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ராத்திரி பேக்கப் மட்டும் வேறு இடத்துக்குப் போகிறது. சீசனில்கூட மூச்சு வாங்கவில்லை. அப்டேட் போடுவது நம் வேலை, அதற்குச் சோம்பல் என்றால் காசு கட்டும் பாஸ் பிளானும் தனி டேட்டாபேஸும் எடுங்கள். டிஜிட்டல்ஓஷனுக்கு பெங்களூரில் டேட்டா சென்டர் உண்டு, அமேசானுக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும். நம் பக்கத்துக்கு எதுவானாலும் வேகம் போதும்.

அமேசானின் வாடகை சர்வரான இசி2 எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். சர்வரை நிறுத்தி வைத்தாலும் டிஸ்குக்கு வாடகை ஓடும். 2024 பிப்ரவரியிலிருந்து பப்ளிக் ஐபிவி4 முகவரிக்கு (இணையத்தில் சர்வரைக் கண்டுபிடிக்கும் எண்) மணிக்கு 0.005 டாலர் தனி, மாதம் மூன்றரை டாலருக்கு மேல் வரும். முதல் நாளே பட்ஜெட் அலர்ட் வைத்துவிடுங்கள்.

அமேசானின் லாம்டா போன்ற சர்வர்லெஸ்ஸில் நிரல் ஓடினால் மட்டும்தான் காசு. சாயங்காலம் விலை மெசேஜ் அனுப்ப சரி, முழு ஆப்புக்கு நான் போகமாட்டேன். ஷேர்டு ஹோஸ்டிங் பிஎச்பி, வேர்ட்பிரஸ்ஸுக்கு ஓகே. குபர்னெட்டிஸ் (நிறைய கன்டெய்னர்களை நிர்வகிக்கும் பெரிய ஏற்பாடு) என்று யாராவது ஆரம்பித்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உங்கள் ஆப் எந்த மொழியில் எழுதியது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் பில் போடுவார்கள்? கமென்ட்டில் போடுங்கள், ராம் எவ்வளவு எடுக்கலாம் என்று பார்க்கலாம்.