ஊர் ஓரத்து நஞ்சையில் மனைப்பிரிவு போடப் போகிறார்கள். எப்படி ஆட்சேபம் தெரிவிப்பது?

நான் கடலூர் பக்கம், திருவந்திபுரத்துக்கு மேற்கே கெடிலம் ஆற்றை ஒட்டிய ஊர்க்காரன். 2022-ல் எங்களுக்கும் இதேதான் நடந்தது. நெல் அறுத்த கையோடு ஏழு ஏக்கர் நஞ்சையில் ஜேசிபி இறங்கியது. வரப்பைத் தட்டி, கல் நட்டு, கலர் கொடியும் கட்டிவிட்டார்கள்.

உடனே ஒரு மனு எழுதினோம். விவசாயம் அழிகிறது, ஊர் கெட்டுப்போகும் என்று இரண்டு பக்கம். ஊரே கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம். பட்டா நிலத்தை உரிமையாளர் விற்பதைத் தடுக்க இயலாது என்று பதில் வந்தது. மனம் விட்டுப்போயிற்று.

அப்போதுதான் எங்கள் பெரியப்பா கேட்டார்: "அந்த எடத்துல ஒரு வாய்க்கா ஓடுச்சே, அது எங்கடா போச்சு?"

விஷயமே அதுதான். தமிழ்நாடு அரசின் இ-சேவை தளத்தில் சர்வே எண்ணைப் போட்டு புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) 'அ' பதிவேடும் (எந்த எண் யாருடையது, என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) எடுத்தோம். வாய்க்காலுக்குத் தனி உட்பிரிவு எண், அரசு புறம்போக்கு என்று தெளிவாக இருந்தது. மனைப்பிரிவு போடுகிறவர்களின் வரைபடத்திலோ அதே இடத்தில் முப்பதடி ரோடு! கடைமடைக் கழனிக்குத் தண்ணீர் வருவதும், ஊரின் மழைத்தண்ணீர் ஆற்றுக்கு வடிவதும் அந்த ஒரு வாய்க்காலில்தான். 2015 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் நின்ற தண்ணீர் அது வழியாகத்தான் இறங்கியது.

அதனால் என் பதில் இதுதான்: வீடு கட்டக்கூடாது என்று எழுதாதீர்கள். தண்ணீர் போகும் வழியைப் பற்றி எழுதுங்கள், சர்வே எண்ணோடு எழுதுங்கள். நகர ஊரமைப்பு அலுவலகம், நீர்வளத்துறை, தாசில்தார், ஊராட்சி என நான்கு இடத்துக்கும் போய்ச் சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். வேளாண்மைத் துறையும் நீர்வளத்துறையும் தடையின்மைச் சான்று கொடுத்தார்களா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். கிராம சபையில் தீர்மானம் போட்டால் வலு கூடும். ஆனால் ஜனவரி 26 வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒப்புதல் கிடைத்து மனைகள் பத்திரமாகிவிட்டால் எதிரே நிற்பது புரோக்கர் அல்ல, சிங்கப்பூரில் சம்பாதித்து ஒரு மனை வாங்கிய நம் ஊர்ப் பிள்ளை. அவன் வீட்டுக்குள்ளும்தான் நாளைக்குத் தண்ணீர் ஏறும். மனுவில் அவனுக்காகவும் ஒரு பத்தி எழுதினோம்.

எங்களுக்கு முழு வெற்றி கிடைக்கவில்லை. மனைப்பிரிவு வந்தது, நஞ்சை போனது. அது இன்றும் வலிக்கிறது. நிலம் விற்ற பங்காளி இன்னும் எங்களோடு பேசுவதில்லை. ஆனால் சர்வேயர் வந்து அளந்தார், வரைபடம் மாறியது, வாய்க்கால் தப்பியது. 2024-ல் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது அதில் தண்ணீர் கரை தொட்டு ஓடியதை குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். பெரியப்பா அப்போது இல்லை.

உங்கள் ஊரில் செம்மண் லாரி இன்னும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்குக் காலையிலேயே போய், மடை, மதகு, வாய்க்கால் எல்லாவற்றையும் தேதி விழும்படி போட்டோ எடுத்துவிடுங்கள். மண் அடித்த பிறகு அங்கே வாய்க்கால் இருந்ததற்குக் கண்ணால் காட்ட எதுவும் மிஞ்சாது.