நடைவண்டி, மோதகம், உறி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: ஐயா, எங்கள் பாப்பா நடைவண்டி பழகுகிறாள். இது எவ்வளவு பழைய சாமான்?

ப: சங்க நூலான பட்டினப்பாலையைத் திறந்து பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் உணவு காய்கிறது. கொத்த வந்த கோழியை விரட்ட, காவலிருக்கும் பெண் காதிலிருந்த கனத்த குழையையே கழற்றி எறிகிறாள். அது போய் விழுந்த வழியில்தான் சின்னப் பையன்கள் குதிரையில்லாத 'முக்காற் சிறுதேர்' உருட்டி வருகிறார்கள். குழை தடுக்கி வண்டி நின்றுவிடுகிறது. ஊர்ச் செல்வத்தைச் சொல்ல வந்த இடத்தில் ஒரு பொம்மை வண்டியும் நமக்குக் கிடைத்துவிட்டது. அதற்கும் மூன்று சக்கரம், உங்கள் பாப்பாவின் வண்டிக்கும் மூன்று சக்கரம்! குறுந்தொகை 61ஆம் பாட்டையும் படியுங்கள். தச்சன் செய்த குட்டிக் குதிரைவண்டியில் ஏறிப் போக முடியாவிட்டாலும், கையால் இழுத்தே மகிழும் பிள்ளைகள் அதில் வருகிறார்கள்.

கே: கொழுக்கட்டை பிள்ளையாரோடு வந்ததா சார்?

ப: மதுரைக்காஞ்சியில் மோதகம் கடைத்தெருப் பண்டம், அந்த இடத்தில் பிள்ளையார் பேச்சே இல்லை. இரவு ஏறிவிட்டது. தேன்கூடு போலக் கண் கண்ணாக இருக்கும் மெல்லடையும், உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகமும் விற்ற கூவியர் இருந்த இடத்திலேயே தூங்கி வழிகிறார்கள். அந்த உள்ளீட்டுக்குப் பாட்டில் 'கவவு' என்று பெயர். பருப்பும் தேங்காயும் என்று பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் உரை சொல்கிறார். நம் பூரணமேதான். சங்க இலக்கியத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று.

கே: அப்போ இட்லியும் மிளகாய்ச் சட்னியும்?

ப: இட்லிக்குப் பழைய சான்று கன்னடத்தில் இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டு 'வட்டாராதனை'யில் 'இட்டலிகே' என்று வருகிறது. மிளகாய் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது, 1500க்கு முன் இங்கே கிடையாது. அதுவரை காரத்துக்கு மிளகுதான்.

கே: அண்ணா, நாங்கள் ஆடும் கல்லாங்காய் சங்க காலத்திலும் உண்டா?

ப: உண்டும்மா. புறநானூறு 36இல் ஆன்பொருநை (இன்றைய அமராவதி) ஆற்று வெண்மணலில் பெண்கள் பொற்கழங்கு, அதாவது பொன்னால் செய்த காய்கள், ஆடுகிறார்கள். வசதியில்லாத வீட்டில் கழற்சிக்காய் போதும். கிரேக்கத்துப் பெண்களும் ஆட்டின் கணுக்கால் எலும்புகளைத் தூக்கிப்போட்டுப் புறங்கையில் பிடித்து இதே மாதிரி ஆடினார்கள்.

கே: அன்றைய சொல் ஏதாவது அப்படியே புழக்கத்தில் இருக்கிறதா?

ப: எத்தனையோ! நான் முதலில் சொல்வது 'உறி'. எகிப்தில் செங்கடல் கரையிலுள்ள குசேர் அல் கதீமில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடு ஒன்று கிடைத்தது. அதில் 'பானை ஒறி' என்றிருப்பதாகக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார். அந்த 'ஒறி' நம் உறியேதான். காலம் ஏறக்குறைய கி.மு. 1ஆம் நூற்றாண்டு. கயிற்று வலையில் தொங்கவிட்ட பானை என்று பொருள். சமீப காலம் வரை நம் வீடுகளில் பூனைக்கு எட்டாமல் தயிர்ச்சட்டி தொங்கியதும் அதில்தான். கிருஷ்ண ஜெயந்தி உறியடியிலும் அதே உறிதான்.