ஹசார்டுக்கும் ரிஸ்க்குக்கும் வேறுபாடு தேடும் பெண்ணை எதில் சேர்ப்பது?

அன்புடையீர்,

சென்ற வாரம் உங்கள் மகளின் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்டு நீங்கள் மூவரும் என்னிடம் வந்திருந்தபோது, பேசியவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுவதற்கு எழுத்தில் தர முடியுமா என்று கேட்டீர்கள். மருத்துவ நுழைவுத் தேர்வில் உங்கள் மகளுக்கு இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. இன்னும் ஓராண்டு பயிற்சி மையத்தில் சேர்க்கலாம், அதுவும் கைகூடாவிட்டால் கடன் வாங்கியாவது கட்டணம் அதிகமுள்ள ஒரு கல்லூரியில் இடம் பிடிக்கலாம் என்று அவளுடைய பெரியப்பா சொல்கிறார் என்றும், அவரே மருத்துவர் என்பதால் அவர் பேச்சைத் தட்டத் தயக்கமாக இருக்கிறது என்றும் சொன்னீர்கள். ஒரு தேர்வோடு வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை என்று அன்று நான் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுநாளே பயிற்சி மையத்தில் விண்ணப்பப் படிவம் வாங்கிவிட்டதாக அறிகிறேன். ஆகவே இந்தக் கடிதத்தில் ஆறுதல் வார்த்தைகளைத் தவிர்த்துவிடுகிறேன்.

அன்று அம்மா ஒரு நோட்டை எடுத்து, குற்றச்சாட்டுக்குச் சான்று வைப்பதுபோல என் மேசைமேல் வைத்தார். படிக்கிற நேரத்தில் இவள் இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்றார். ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் மடித்து, இடப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல்லும் வலப்பக்கம் அதற்கு நெருங்கிய இன்னொரு சொல்லும் எழுதி, இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று உங்கள் மகள் குறித்துவைத்திருக்கிறாள். முதல் பக்கத்தில் இருந்த இணை ‘ஃபிளேமபிள்’, ‘இன்ஃபிளேமபிள்’. ஒரு வாசனைத் திரவியக் குப்பியில் ஒரு சொல்லையும், கொசு மருந்து ஸ்பிரேயில் மற்றதையும் பார்த்திருக்கிறாள். ‘டிபென்டென்ட்’ என்பதற்கு முன்னால் ‘இன்’ சேர்த்தால் சாராதது என்று பொருள் மாறுகிறதே, அதுபோல இங்கும் தீப்பிடிக்காதது என்றல்லவா பொருள் வர வேண்டும் என்பது அவள் ஐயம். தேடிப் பார்த்து, இந்த ‘இன்’ எதிர்மறை முன்னொட்டு அல்ல, தீமூட்டுதல் என்ற பொருளுடைய ‘இன்ஃபிளமாரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வருவது, ஆகவே எளிதில் தீப்பிடிப்பது என்பதே இரண்டு சொல்லுக்கும் பொருள் என்று கண்டுபிடித்திருக்கிறாள். பக்கத்தின் அடியில் பென்சிலால் ஒரு கேள்வி: “அப்படியானால் குப்பியில் எதை எழுதுவது என்று முடிவு செய்பவர் யார்?”

நான் பதினைந்து நிமிடம் பேசியதைவிட அந்த ஒரு வரி அவளைப் பற்றி எனக்கு அதிகம் சொன்னது. ஏனெனில் அந்தக் கேள்விக்கு உண்மையாகவே விடை உண்டு. அதை முடிவு செய்வதைத் தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களிலிருந்தே ‘ஃபிளேமபிள்’ என்றே எழுதும்படி வலியுறுத்தி வந்தது; பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனம் 1959-இல் அதே நிலையை எடுத்தது. ‘இன்ஃபிளேமபிள்’ இலக்கணப் பிழையான சொல் அன்று, வயதில் மூத்த சொல்லும் அதுதான். ஆனால் தீப்பிடிக்காது என்று யாரேனும் ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டாலும் விளைவு மோசமாகும் என்பதால் மூத்த சொல்லை ஒதுக்கினார்கள். இன்று உலக அளவில் ஒத்திசைக்கப்பட்ட வேதிப்பொருள் எச்சரிக்கைச் சீட்டுகளில் ‘ஃபிளேமபிள்’ என்றே இருக்கிறது.

இந்தத் தொழிலுக்குக் கலைச்சொல் பணி என்று பெயர். அதோடு ஒட்டிப் பிறந்தது டெக்னிக்கல் ரைட்டிங் என்று அலுவலகங்களில் சொல்லப்படும் தொழில்நுட்ப எழுத்து, அதாவது கையேடுகள் போன்றவற்றை எழுதும் வேலை. ஆங்கிலத்தில் நாட்டமுள்ள பிள்ளை என்றால் ஆசிரியப் பணி, மொழிபெயர்ப்பு, பத்திரிகை என்ற மூன்றையும் உறவினர்களே சொல்லிவிடுவார்கள். நான் அவற்றுக்குள் போகவில்லை.

கலைச்சொல் பணியாளர் அகராதி செய்பவர் போலத் தோன்றினாலும் எதிர்த் திசையிலிருந்து வருபவர். அகராதி செய்பவர் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதற்கு என்னென்ன பொருள்கள் வழங்குகின்றன என்று பார்க்கிறார். கலைச்சொல் பணியாளரோ ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, அதன் எல்லை எங்கே முடிகிறது, பக்கத்துக் கருத்து எங்கே தொடங்குகிறது என்று வரைந்த பிறகுதான், அதற்கு எந்தச் சொல்லை உரிமையாக்குவது என்று யோசிக்கிறார். இந்த முறைக்கு அடித்தளமிட்ட ஆஸ்திரியரான ஓய்கன் வூஸ்டர், பெரியப்பாவுக்கு வியப்பாக இருக்கலாம், மொழிப் பேராசிரியராகத் தொடங்கியவர் அல்லர், மின்பொறியியல் படித்தவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, மின்பொறியியலை முன்வைத்துத் தொழில்நுட்பச் சொற்களை உலக அளவில் தரப்படுத்துவது பற்றியது.

உங்கள் மகளை அன்று சோதித்துப் பார்த்தேன், நீங்கள் வெளியே காத்திருந்தபோது. ‘ஹசார்ட்’, ‘ரிஸ்க்’ என்ற இரண்டு சொற்களை வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்து, வேறுபாட்டைச் சொல்லச் சொன்னேன். தமிழில் நாம் இரண்டையுமே ஆபத்து என்று எழுதிவிட்டுப் போகிறோம். அவள் பத்து நிமிடம் பேசவே இல்லை. பிறகு, “குப்பிக்குள் இருப்பது ஹசார்ட். அந்தக் குப்பியை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கிறோமா, பூட்டிய அலமாரியில் வைக்கிறோமா என்பதைப் பொறுத்துக் கூடுவதும் குறைவதும் ரிஸ்க்” என்றாள். பன்னாட்டுத் தர ஆவணங்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுவே: தீங்கு விளைவிக்கக்கூடிய மூலம் ‘ஹசார்ட்’, அந்தத் தீங்கு நேர்வதற்கான வாய்ப்பையும் நேர்ந்தால் அதன் கடுமையையும் சேர்த்துப் பார்ப்பது ‘ரிஸ்க்’. மருத்துவக் கருவி செய்யும் நிறுவனம் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால், எதை நீக்க வேண்டும், எதைக் குறைத்தால் போதும் என்பதே தெரியாமல் போய்விடும். அவள் அந்த வரையறையை எங்கும் படித்திருக்கவில்லை. குப்பி, அடுப்பு, அலமாரி என்று தானே ஒரு காட்சியை அமைத்துக்கொண்டு எல்லையைக் கண்டாள்.

விமானப் பராமரிப்புக் கையேடுகள் எழுதும் இடத்தில் இந்தப் பணி எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் வீட்டில் யாரும் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. விமானத்தைப் பழுதுபார்ப்பவருக்கு ஆங்கிலம் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் கையேடு ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆகவே ஐரோப்பிய விமானத் துறையினர் சேர்ந்து ஒரு கட்டுப்படுத்தப்பட்ட ஆங்கிலத்தை உருவாக்கி, அதன் முதல் வழிகாட்டியை 1986-இல் வெளியிட்டார்கள். இன்று அது ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்ற பெயரில் வழங்குகிறது. அதன் அகராதியில் ஒப்புதல் பெற்ற பொதுச் சொற்கள் ஏறத்தாழ 900 மட்டுமே. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். ‘ஸ்டார்ட்’ உண்டு, ‘பிகின்’, ‘கமென்ஸ்’, ‘இனிஷியேட்’ ஆகியவற்றுக்கு இடமில்லை. ‘ஃபாலோ’ என்றால் பின்னால் வருதல் மட்டுமே. அறிவுரையைக் கடைப்பிடியுங்கள் என்று சொல்ல ‘ஒபே’ என்றுதான் எழுத வேண்டும். ‘ஃபால்’ என்பது ஈர்ப்பினால் கீழே விழுவதைக் குறிக்கும். அழுத்தமோ வெப்பமோ குறைந்தால் அதற்கு ‘டிக்ரீஸ்’. செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது. இப்படி ஒவ்வொரு இணையிலும் ஒன்றை நிறுத்தி மற்றொன்றை விலக்குவதற்கு, இரண்டுக்கும் இடையிலுள்ள மயிரிழை வேறுபாட்டை முதலில் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும் அல்லவா? உங்கள் மகளின் நோட்டில் மடித்த பக்கங்கள் செய்வது அதைத்தான்.

இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஆவணங்களில் ஆர்எஃப்சி 2119 என்று ஒன்று இருக்கிறது. 1997-இல் வெளிவந்தது, சில பக்கங்களே கொண்டது. ‘மஸ்ட்’ என்றால் விதிவிலக்கே இல்லாத கட்டாயம் என்றும், ‘ஷுட்’ என்றால் தக்க காரணம் இருந்தால் விலகலாம், ஆனால் விலகுவதன் விளைவுகளை முழுவதும் எடைபோட்ட பிறகே விலக வேண்டும் என்றும் அது வரையறுக்கிறது. பள்ளி இலக்கண வகுப்பில் ஒரே பாடத்தில் அடுத்தடுத்து வந்து மறந்துபோகும் இரண்டு துணைவினைகள் அங்கே பொறியாளர்களைக் கட்டிப்போடுகின்றன.

இந்த இடத்தில் அப்பா கேட்ட கேள்விக்கு வருகிறேன்: முதலில் கௌரவமான ஒரு பட்டத்தை வாங்கிவிட்டு இதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளக் கூடாதா? பெஞ்சமின் லீ வோர்ஃப் அப்படித்தான் செய்தார். வேதிப் பொறியியல் படித்து, தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே மொழியியலில் பெயர் பெற்றார். ‘எம்ப்டி’ என்று எழுதப்பட்ட பெட்ரோல் பீப்பாய்களின் அருகே தொழிலாளர்கள் கவனக்குறைவாக நடந்துகொள்வதையும், திரவம் தீர்ந்த பீப்பாயில் தங்கும் ஆவிதான் நிரம்பிய பீப்பாயைவிடக் கொடியது என்பதையும் அவர் அந்த வேலையில்தான் கவனித்தார். ஆனால் வோர்ஃபை எடுத்துக்காட்டாகச் சொல்வீர்களானால் முழுவதையும் சொல்ல வேண்டும்: அவர் தேர்ந்தெடுத்த வேலையே அவருடைய சொல்லாராய்ச்சிக்குத் தீனி போட்டது. இரவுப் பணியும் நோயாளிகளின் துயரமும் சூழ்ந்த மருத்துவப் படிப்பு, அதில் மனம் ஒன்றாத பெண்ணுக்கு அப்படித் தீனி போடாது. உடலைப் பற்றிப் படிக்கப் பிடிக்குமா என்று கேட்டேன், பிடிக்கும் என்றாள். நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளப் பிடிக்குமா என்றேன். “படிக்கப் பிடிப்பது வேறு, செய்யப் பிடிப்பது வேறு” என்றாள். பதினேழு வயதில் இவ்வளவு துல்லியமாகத் தன் மனத்தைச் சொல்லத் தெரிந்தவளை, குழம்பிப்போயிருக்கிறாள் என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பணத்தைப் பற்றி வளைத்துப் பேச விரும்பவில்லை. வீட்டை அடமானம் வைத்து வாங்கும் கல்விக் கடன், பிள்ளை அந்தப் படிப்பை விரும்பி முடித்து, அந்தத் தொழிலையே தொடர்ந்து செய்தால் மட்டுமே அடைபடும் கடன். விரும்பாத பிள்ளை நடுவில் விலகினால் பட்டம் வராது, வட்டி மட்டும் வந்துகொண்டிருக்கும். அந்தக் கடன் விண்ணப்பத்தில் நீங்கள் கையெழுத்திடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெரியப்பா அந்தக் கடனுக்கு எதையும் ஈடாக வைக்கப்போவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அதே கண்டிப்போடு இன்னொன்றும் சொல்கிறேன். நான் சொன்ன துறையின் பெயரைத் தேடினால் சில வாரங்களில் தொழில்நுட்ப எழுத்தாளர் ஆக்குகிறோம் என்று சான்றிதழ் விற்பவர்கள் முதலில் கண்ணில் படுவார்கள். அவர்களிடமும் பணம் கட்ட வேண்டாம்.

படிப்பு என்று பார்த்தால், மொழியியலில் இளநிலைப் பட்டம் ஒரு வழி. அவளுக்கு உயிரியலும் வேதியியலும் பிடித்திருப்பதால், அறிவியல் பட்டம் ஒன்றை எடுத்து, முதுநிலையில் தொழில்நுட்பத் தகவல்தொடர்பு அல்லது கலைச்சொல்லியல் படிப்பது எனக்கு இன்னும் பொருத்தமாகத் தோன்றுகிறது. காரணம் உண்டு. எந்திரங்களே கையேடுகளை எழுதத் தொடங்கிவிட்ட காலம் இது. வெறுமனே சரளமாக ஆங்கிலம் எழுதத் தெரிந்தவருக்கு இனி இடம் குறையும் என்றே நான் கருதுகிறேன். எழுதியதில் எந்தச் சொல் தவறான கருத்தைச் சுட்டுகிறது என்று பார்த்துப் பொறுப்பேற்பவர் தேவைப்படுவார், ஆனால் அவருக்கு மொழியோடு பொருளறிவும் இருக்க வேண்டும். வேலைகள் மருத்துவர் வேலைபோல எல்லா ஊரிலும் காத்திருக்கும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். கலைச்சொல் பணியாளர் என்ற பெயரிலேயே உள்ள பதவிகள் பெரும்பாலும் பன்னாட்டு அமைப்புகளிலும் பெரிய நிறுவனங்களிலும்தான் இருக்கின்றன. தொழில்நுட்ப எழுத்தாளராக நுழைந்து அங்கிருந்து நகர்வதே பலருடைய பாதை.

இப்போதைக்குச் செய்ய வேண்டியதற்குச் செலவு எதுவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் கலைச்சொல் தரவுத்தளமான ஐஏடிஇ இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கிறது. ஏஎஸ்டி-எஸ்டிஇ100 ஆவணமும் கேட்டுப் பெற்றால் இலவசம். சொற்கள் எந்தெந்தச் சொற்களோடு சேர்ந்து வருகின்றன என்று எழுத்துரைகளின் பெருந்தொகுப்புகளில் தேடுவதற்கான ஆன்ட்கான்க் என்ற மென்பொருளுக்கும் கட்டணமில்லை. இவற்றோடு, வீட்டிலுள்ள துவைக்கும் எந்திரத்தின் கையேட்டை எடுத்து, ஒரே பாகத்தை எத்தனை பெயரால் அழைத்திருக்கிறார்கள் என்று அவள் கணக்கெடுக்கட்டும். ஓரிடத்தில் ‘கவர்’ என்றும் சில பக்கங்கள் தள்ளி ‘லிட்’ என்றும் எழுதியிருந்தால், படிப்பவர் அது ஒரு மூடியா இரண்டு மூடியா என்று திணறுவார். மொழிபெயர்ப்பவர் இரண்டு பெயர் வைத்துக் குழப்பத்தைப் பெருக்குவார். அப்படிப்பட்ட இணைகளைப் பட்டியலிட்டு, எதை வைப்பது, எதை விலக்குவது, ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதட்டும். மூன்று வாரத்தில் சலித்துவிட்டால் நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டு வேறு வழி பார்க்கலாம்.

அடுத்த மாதம் வரும்போது அவள் அந்தப் பட்டியலோடு வரட்டும், நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பெரியப்பாவும் வருவதாக இருந்தால் மகிழ்ச்சி. அவரிடம் நான் கேட்க நினைப்பது ஒன்று உண்டு: மருந்துச் சீட்டில் குறைவைக் குறிக்கும் ‘ஹைப்போ’வும் மிகுதியைக் குறிக்கும் ‘ஹைப்பர்’உம் அடுத்தடுத்து வரும்போது அவர் எத்தனை முறை திரும்பப் படித்துப் பார்க்கிறார்?