பேய்க்கதையைக் காதால் படிக்கலாமா? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: திகில் சிறுகதைகளை அச்சில் படிப்பதைவிட ஒலிநூலாகக் கேட்டால் பயம் கூடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பெரும்பாலும் உண்மைதான். புத்தகத்தில் கண் முந்திக்கொள்ளும். பக்கத்தின் மேல்பாதியில் அவள் மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பாள். கீழே தனி வரியாக நிற்கும் 'கட்டில் காலியாக இருந்தது' அதற்குள் கண்ணில் பட்டுவிடும். காதுக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது, வாசிப்பவர் எப்போது தருகிறாரோ அப்போதுதான். அடுத்த அனுகூலம் சிறுகதையின் அளவு. ஒரு படைப்பை முடிக்க இரண்டு அமர்வு தேவைப்பட்டால் நடுவில் உலக விவகாரங்கள் புகுந்து அதன் முழுமையைக் கெடுத்துவிடும் என்று எட்கர் ஆலன் போ 1846-லேயே எழுதிவிட்டார். பேய்க்கதைக்குப் பேர்போன எம்.ஆர். ஜேம்ஸ் தம் கதைகள் பலவற்றைக் கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களுக்கு உரக்கப் படித்துக்காட்டவே எழுதினார். ஆக, இந்த வகைக்குக் குரல் புதிதல்ல.

குறையும் உண்டு. 'இன்னும் 2 நிமிடம்' என்று திரை காட்டினால் திருப்பம் வரப்போகிறது என்று தெரிந்துபோகும். திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். தொகுப்பில் ஒவ்வொரு கதைக்கும் புதுப் பெயர்கள், புது வீடு, புது உறவுமுறை. முதல் ஐந்து நிமிடம் கவனம் சிதறினால் கதையே கைநழுவும். அப்போது 15 விநாடி, 30 விநாடி என்று பின்னுக்குத் தள்ளித் தேடாமல் கதையின் தொடக்கத்துக்கே போய்விடுவது மேல்.

கேள்வி: 12 கதைகள், மொத்தம் 7 மணி நேரம் ஓடும் தொகுப்பு ஒன்று வாங்கினேன். முதல் மூன்று கதைகள் உலுக்கின. அதன்பிறகு எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. கதைகள் மோசமா, நான் பழகிவிட்டேனா?

பதில்: கதைகளைக் குறை சொல்வதற்கு முன் வாசிப்பவரைக் கவனியுங்கள். ஒரே குரல் சராசரியாக 35 நிமிடக் கதைகளைப் பன்னிரண்டு முறை படிக்கிறது. பயம் வரும் இடத்தில் குரலைத் தாழ்த்துவார், வேகத்தைக் குறைப்பார், கடைசி வரிக்கு முன் மூச்சை இழுப்பார். மூன்றாவது கதைக்குள் இந்த வழக்கம் உங்களுக்கு மனப்பாடமாகிவிடும். குரல் தாழ்ந்ததுமே 'வரப்போகிறது' என்று உடம்பு தயாராகிவிட்டால் எந்தப் பேயும் எடுபடாது.

அச்சுத் தொகுப்பை நடுவிலிருந்து புரட்டிப் படிப்போம். ஒலிநூலை வரிசையாகக் கேட்டுக்கொண்டே போவோம். அதனால் இங்கே கதைகளின் வரிசைக்கு மதிப்பு அதிகம். நல்ல தயாரிப்பாளர் 50 நிமிடக் கதைக்கு அடுத்து 15 நிமிடக் கதையை வைப்பார். 'நான்' சொல்லும் கதையையும் படர்க்கையில் போகும் கதையையும் மாற்றி மாற்றி அடுக்குவார். முடிந்தால் இரண்டு மூன்று குரல்களைச் சேர்ப்பார்.

எங்களுக்கு மன்னிக்கவே முடியாத குறை ஒன்று உண்டு. கதையின் கடைசி வரி: 'உள்ளே இருந்து தாழ்ப்பாள் விழுந்தது.' அது மனதில் இறங்குவதற்குள், ஒரே விநாடியில், 'கதை ஐந்து' என்று உற்சாகமான குரலில் அறிவிப்பு! ஏசிஎக்ஸ் போன்ற ஒலிநூல் தயாரிப்புத் தளங்கள் ஒவ்வொரு கோப்பின் முடிவிலும் 1 முதல் 5 விநாடி வரை அமைதி விடச் சொல்கின்றன. சிலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். திகில் கதைக்கு நான்கு, ஐந்து விநாடியாவது வேண்டும். ஆப்பில் உள்ள தூக்க டைமரை 'அத்தியாய முடிவில் நிறுத்து' என்று வைத்துவிடுங்கள், இந்தத் தொல்லை ஒழியும். ஒரு நாளைக்கு இரண்டு கதை போதும்.

கேள்வி: கிசுகிசுப்பு கேட்பதே இல்லை, வால்யூமைக் கூட்டினால் அடுத்த நிமிடம் அலறல் காதைக் கிழிக்கிறது. ஹெட்போன் கோளாறா?

பதில்: இல்லை, பதிவில்தான் கோளாறு. ஏசிஎக்ஸ் அளவுகோல்படி ஆர்எம்எஸ் எனப்படும் சராசரி ஒலிமட்டம் −23 முதல் −18 டெசிபலுக்குள் (பதிவில் 0 தான் உச்ச வரம்பு, எண் கீழே போகப் போக ஒலி குறைவு) இருக்க வேண்டும், உச்சம் −3-ஐத் தாண்டக் கூடாது, பின்னணி இரைச்சல் −60-க்கு மேல் போகக் கூடாது. ஆனால் இந்தச் சராசரி கோப்பு முழுவதற்கும் சேர்த்துப் பார்ப்பது. அரை மணி நேரப் பேச்சு ஒழுங்காக இருந்தால், நடுவில் ஒரு நிமிடக் கிசுகிசுப்பு எங்கோ அடியில் கிடந்தாலும் கோப்பு தேறிவிடும். எடிட்டிங்கில் அந்த இடத்தை மட்டும் தூக்கினால் அறையின் இரைச்சலும் கூடவே எழும்பும். உண்மையான கிசுகிசுப்பில் குரல்நாண் அதிர்வதில்லை, காற்று மட்டும்தான். அனுபவமுள்ளவர்கள் கொஞ்சம் குரல் கலந்து, மைக்குக்கு நெருங்கி, வாயைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பேசுவார்கள். அலறலுக்கு ஓர் அடி பின்னால் போய் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

கேட்பவர் செய்யக்கூடியது: ஆப்பில் ஒலியைச் சமன்செய்யும் வசதி இருந்தால் போடுங்கள். காதை அடைக்கும் வகை ஹெட்போன் போட்டுக்கொண்டு, அலறல் தாங்கும் அளவில் வால்யூமை நிறுத்துங்கள். வண்டிச் சத்தத்துக்கு நடுவில் இத்தகைய பதிவைக் கேட்பது வீண்.

கேள்வி: பின்னணி இசையும் ஓசைகளும் பலமா, பலவீனமா?

பதில்: எங்கள் கட்சி: குறைவே நல்லது. 'கதவு கிறீச்சிட்டது' என்று வாசித்து முடித்ததும் கதவுச் சத்தம் கேட்டால் ஒரே செய்தி இரண்டு முறை. ஓசையை முதலில் விட்டு, ஒரு கணம் கழித்து வரியைப் படித்தால் அதே கதவு வேலை செய்யும். இசை அடியில் ஓடிக்கொண்டே இருந்தால் மௌனத்துக்கு இடமில்லை. ஆபத்து வருமுன்பே வயலின் இழுக்கத் தொடங்குவது, மர்மத்தைப் பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லிவிடுவதைப் போல.

கேள்வி: 1.5 மடங்கு வேகத்தில் கேட்கலாமா?

பதில்: கட்டுரை நூலுக்குச் சரி. இங்கே 3 விநாடி மௌனம் 2 விநாடியாகும். அதைவிட மோசம், மௌனத்தைத் தானே வெட்டித் தள்ளும் வசதி. அதை முதலில் அணையுங்கள்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து தமிழ்த் திகில் கதைகளை ஒலிநூலாக்கப் போகிறோம். எந்தக் கதை ஒத்துவராது?

பதில்: முதலில் உரிமை. அச்சில் வெளியிடும் உரிமையும் ஒலி உரிமையும் வேறு வேறு. பதிப்பாளரிடம் இருக்கும் என்று நம்பிக்கொண்டு தொடங்காதீர்கள்.

'நான்' சொல்லும் கதைகள் பொதுவாகக் குரலுக்கு வாகானவை. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' அப்படிப்பட்டது. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. 'வந்தேன், பார்த்தேன்' என்பதில் ஆண், பெண் தெரியாது. சொல்வது யார் என்பதையே கடைசி வரை மறைக்கும் கதை தாளில் நிற்கும். மைக் முன்னால் முதல் சொல்லிலேயே உடைந்துபோகும். அத்தகைய கதையை விட்டுவிடுங்கள். எழுத்துப் பிழையிலோ கையெழுத்திலோ மர்மம் வைத்த கதையும் வேண்டாம்.

ரகர றகர வேறுபாடு பலருடைய உச்சரிப்பில் இல்லை. ஆற்றங்கரைக் கதையில் 'அவள் கறையைத் தொட்டாள்' என்று படித்தால் கேட்பவர் கரையை நினைத்துக்கொள்வார், ரத்தம் போய்விடும். எழுத்தாளரின் சம்மதத்தோடு 'ரத்தக் கறை' என்று மாற்றுங்கள். இருவர் பேசும் இடத்தில் குரல் வேறுபாடு தெளிவாக இருந்தால் 'என்றான்', 'என்றாள்' பாதியைக் குறைக்கவும் கேட்டுப் பாருங்கள்.

பதிவைத் தொடங்குமுன் யாரும் பேசாமல் 30 விநாடி அறையின் அமைதியை மட்டும் பதிந்து வையுங்கள். எடிட்டிங்கில் இடைவெளியை நீட்டும்போது அதைத்தான் ஒட்ட வேண்டும். அந்த இடத்தில் எந்த ஒலியும் இல்லாத வெறும் பூஜ்யத்தை வைத்தால் கேட்பவர் பயப்பட மாட்டார். ஹெட்போன் கழன்றுவிட்டதோ என்று வயரைத் தடவிப் பார்ப்பார்.