இலங்கையின் வடக்கில் உள்ள வன்னிக் கரையோரத்தின் முக்கியத் தொழில்கள் எவை? அதன் பொருளாதார பலம் எதில் இருக்கிறது?

மீன்பிடி, நெல், உப்பு. சுருக்கமான பதில் இதுதான். முல்லைத்தீவுப் பக்கத்து ஆள் என்ற உரிமையில் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். இந்தத் தொழில்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதுதான் எங்கட பலம். காட்டில் பெய்யும் மழை குளத்தை நிரப்பி வயலுக்குப் பாய்கிறது, மிஞ்சியது களப்புக்கு, அதாவது கடலோர உப்புநீர் ஏரிக்கு, வருகிறது. கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தை நிரப்பிவிட்டுச் சுண்டிக்குளம் களப்பில் விழுகிறது. பேராறு நந்திக்கடல் களப்புக்கு வருகிறது. இரணைமடுவின் கீழ் மட்டும் 20,000 ஏக்கருக்கு மேல் வயல் உண்டு.

நந்திக்கடல் இறாலுக்குப் பெயர் போனது. மாரியில் வெள்ளம் பெருகித் தொடுவாய் (களப்பு கடலோடு சேரும், மணல் மூடிய வாய்) வெட்டுப்பட்டதும் கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் உள்ளே வந்து, உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் வளர்கின்றன. ஆற்றுத் தண்ணீர் குறைந்தாலோ களப்பு மண்மூடிப் போனாலோ இறாலும் குறையும். வட்டுவாகல் பாலத்தடியில் காலையில் இறங்கினால் வீச்சுவலைக்காரரையும், வீதியோரம் இறாலைக் கூறு கட்டி வைத்திருக்கும் அம்மாக்களையும் காணலாம். "பெரிசெல்லாம் விடிய முன்னமே கூலர் வாகனத்தில கொழும்புக்குப் போயிட்டுது தம்பி, இது மிஞ்சினது" என்றார் ஒரு அம்மா. விரல் நீளம்கூட இல்லாத இறால்தான் கூறில் கிடந்தது.

கடலுக்கும் வயலுக்கும் பருவம் மாறி மாறி வருவது இன்னொரு வசதி. கிழக்குக் கரையில் பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரை கடல் வாய்ப்பு. அலம்பில், செம்மலை, நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் கரைவலை இழுப்பார்கள். சூடையும் நெத்தலியும் மணலில் காய்ந்து கருவாடாகும். வாடைக் காற்று தொடங்கிக் கடல் கொந்தளிக்கும்போது காலபோக (மாரிப் பருவ) நெல் வயலில் நிற்கும். கடலுக்கும் போய், இரண்டு ஏக்கர் வயலும் செய்து, நாலு மாடும் வைத்திருக்கும் குடும்பம் ஒரு போகம் பொய்த்தாலும் எழும்பிவிடும். 2004 சுனாமியும் 2009 வரையான போரும் படகு, வலை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போன பிறகும் சனம் தொழிலுக்குத் திரும்பியது இப்படித்தான்.

மேற்கே பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசியைச் சொல்லாமல் விட முடியாது. அதன் புட்டுக்கு ஈடு இல்லை. கௌதாரிமுனையில் இப்போது கடலட்டைப் பண்ணைகள் வந்துவிட்டன. காசு வருகிறது, ஆனால் ஆழமில்லாத கடலை அடைத்துப் பண்ணை போட்டால் அங்கே கம்பு நட்டு வலை கட்டும் சிறகுவலைக்காரர் எங்கே போவார்கள்? இதைக் கேட்காமல் அனுமதி கொடுப்பது சரியென்று எனக்குப் படவில்லை. கொக்கிளாயில் கரைவலைப் பாடு (வலை இழுக்கும் கரைப்பகுதி) யாருக்கு என்ற பிணக்கும், இந்திய இழுவைப் படகுகளின் தொல்லையும் தீரவில்லை. கடலடியை வாரும் இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டே தடை செய்தது, ஆனாலும் எங்கட வலைகள் அறுபடுகின்றன.

எங்கட பெரிய குறை, விளைவது பெரும்பாலும் பச்சையாகவே வெளியே போவது. முன்பு அப்படியிருக்கவில்லை. ஆனையிறவில் விளைந்த உப்பு சில கல் தொலைவிலேயே பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்குப் போய்க் கோஸ்டிக் சோடாவாகவும் குளோரினாகவும் மாறியது. போர் இரண்டையும் முடக்கியது. உப்பளம் மீண்டும் இயங்கி, 2025இல் அங்கேயே மேசை உப்பு ஆலையும் திறந்தார்கள். இறாலுக்கும் நண்டுக்கும் அப்படி ஒன்று கரையிலேயே வரவேண்டும். ஐஸ் போடும் வசதியும், தோலுரித்துப் பொதி செய்யும் கொட்டிலும் முல்லைத்தீவில் இருந்தால் அந்த வேலையும் கூலியும் வட்டுவாகல் அம்மாக்களுக்கே கிடைக்கும்.